நிறம் பார்த்துத் தூரம் சொன்னவர்கள்

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் முதல் படம் வெளியானபோது, என் தங்கையின் மகள் அதைத் தன் கைபேசியில் காட்டினாள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். அப்போது அவளுக்கு 13 வயது. கறுப்புத் துணியில் மணிகளைக் கொட்டியதுபோல ஆயிரக்கணக்கான ஒளிப்பொட்டுகள். சில வெளிர் நீலம், சில மஞ்சள், சில கடும் சிவப்பு. இவற்றில் சிலவற்றின் ஒளி 1300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது என்று செய்தியில் போட்டிருந்தார்கள்.

"மாமா, இது இவ்வளவு தூரம் எண்டு இவைக்கு எப்பிடித் தெரியும்? ஆரும் போய் அளந்து பாத்தவையே?"

ஒளியின் வேகம், அது இது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. வேகம் தெரிந்தால் மட்டும் போதுமா, அந்த ஒளி எப்போது புறப்பட்டது என்று யார் குறித்து வைத்தார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு விட்டுவிட்டுப் படித்ததில் தெரிந்துகொண்ட விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. அந்தப் படத்தில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் தூரத்தை யாரும் நேராக அளக்கவில்லை. நிறத்தைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள், எங்கெங்கே அது காலை வாரிவிட்டது என்பதற்கு 70 ஆண்டுகால வரலாறு உண்டு.

ஊரில் அம்மா சோறு வடிப்பதற்கு முன் அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்கெல்லாம் தெரிந்த பழமொழி. ஆனால் பருக்கையை எடுக்கும் முன் அம்மா பானையை ஒருமுறை அடிவரை துழாவிவிடுவார் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. மேலே மிதக்கும் சோறும் அடியில் கிடக்கும் சோறும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. இந்த வரலாறு முழுவதும் அந்தத் துழாவல் பற்றியதுதான்.

*

முதலில், நேராக அளப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

1912இல், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்ற வானியலாளர் ஆண்ட்ரோமெடா நெபுலாவின் மங்கலான ஒளியை நிறங்களாகப் பிரித்துத் தகட்டில் பதிவு செய்தார். இப்படிப் பிரித்த ஒளிக்கு நிறமாலை என்று பெயர். வானவில்லைப் போன்ற அந்தப் பட்டையில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். கால்சியம், ஹைட்ரஜன் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு. கைரேகையைப் போல அவை மாறுவதில்லை. ஒளி தரும் பொருள் நம்மைவிட்டு விலகிச் சென்றால் அந்தக் கோடுகள் எல்லாம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். நெருங்கி வந்தால் நீலப் பக்கம் நகர்ந்திருக்கும். ஆண்ட்ரோமெடா வினாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதை ஸ்லைஃபர் கண்டார். ஆனால் அது விதிவிலக்கு. 1917க்குள் அவர் அளந்த 25 நெபுலாக்களில் பெரும்பாலானவை விலகிச் சென்றுகொண்டிருந்தன.

இந்த நெபுலாக்கள் நம் பால்வெளிக்கு உள்ளே இருப்பவையா, வெளியே இருப்பவையா என்பதே அப்போது தெரியாது. ஹென்ரியெட்டா லெவிட் கண்டறிந்த துடிக்கும் விண்மீன்களின் விதியைக் கொண்டு, அவை வெளியே வெகுதொலைவில் உள்ள தனித்தனிப் பேரடைகள் என்று எட்வின் ஹபிள் 1920களில் நிறுவினார். நாம் ஆங்கிலத்தில் கேலக்ஸி என்பதைத்தான் இங்கே பேரடை என்கிறேன். 1929இல், எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அவ்வளவு வேகமாக விலகுகிறது என்ற தொடர்பை அவர் வெளியிட்டார். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெத்ர் இதே தொடர்பைக் கோட்பாட்டு வழியில் 1927லேயே கண்டிருந்தார். அண்டம் விரிகிறது; அதில் பயணம் செய்யும் ஒளியின் அலைநீளமும் கூடவே நீள்கிறது. இந்த நீட்சிக்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். செம்பெயர்ச்சி 1 என்றால் அலைநீளம் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருள். 2 என்றால் மூன்று மடங்கு. செம்பெயர்ச்சி தெரிந்தால் தூரத்தையும், ஒளி புறப்பட்ட காலத்தையும் கணக்கிட்டுவிடலாம். மருமகள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதிதான் கடினம். நிறமாலை எடுப்பது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக வரும் ஒளியை ஆயிரம் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன மிஞ்சும்? மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றியவராகத் தொடங்கி, ஆய்வகத்தில் துப்புரவுப் பணியாளராகி, பின்பு உலகின் தலைசிறந்த நோக்கர்களில் ஒருவராக உயர்ந்தவர் மில்ட்டன் ஹ்யூமேசன். என்.ஜி.சி. 7619 என்ற ஒரே ஒரு பேரடையின் நிறமாலைக்காக அவர் ஒரு தகட்டை 33 மணி நேரமும் மற்றொன்றை 45 மணி நேரமும் ஒளியில் காட்டினார். இரவு முடிந்ததும் தகட்டை மூடிவைத்து, மறுநாள் இரவு அதே இடத்தில் மீண்டும் திறந்து, இப்படிப் பல இரவுகள். கடுங்குளிரில், கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமல். இவ்வளவும் ஒரே ஒரு எண்ணுக்காக. வானத்திலோ பேரடைகள் கோடிக்கணக்கில் இருந்தன.

*

ஒளியை ஆயிரம் துண்டாக்காமல் ஐந்தோ ஒன்பதோ துண்டாக்கினால் போதாதா? இந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நீலக் கண்ணாடி வழியாக எவ்வளவு ஒளி வருகிறது, மஞ்சள் கண்ணாடி வழியாக எவ்வளவு, சிவப்பு வழியாக எவ்வளவு என்று மட்டும் அளந்து ஒப்பிடுவது. வானியலில் நிறம் என்பது இந்த ஒப்பீடுதான்: இரண்டு வடிகட்டிகளின் வழியாக அளந்த பொலிவு எண்களின் வித்தியாசம்.

அந்தப் பொலிவு எண்ணுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளி சரியாக நூறு மடங்கு வித்தியாசம், ஒரு படிக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு என்று வரையறுத்தார். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார். இன்று எந்தப் பேரடையின் நிறத்தை எந்த நாட்டில் எழுதினாலும், அது சென்னை மண்ணில் அடக்கமான அந்த மனிதரின் அளவுகோலில்தான் எழுதப்படுகிறது.

தொலைதூரப் பேரடைகளின் நிறத்தை முறையாக அளக்கப் புறப்பட்டவர்களுக்கு முதலில் கிடைத்தது ஒரு சறுக்கல். 1948இல் ஜோயல் ஸ்டெபின்ஸும் ஆல்பர்ட் விட்ஃபோர்டும், தொலைவிலுள்ள நீள்வட்டப் பேரடைகள் செம்பெயர்ச்சியால் விளைய வேண்டியதைவிட அதிகமாகச் சிவந்திருப்பதாக அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு. ஒளி புறப்பட்ட அந்தக் காலத்தில் பேரடைகளே வேறு மாதிரி இருந்தனவா, அண்டம் மாறிக்கொண்டிருப்பதற்கு இதுவே சாட்சியா என்றெல்லாம் பேச்சு எழுந்தது. சில ஆண்டுகளில் விட்ஃபோர்டே அதைத் திரும்பப் பெற்றார். அளவீட்டில் தவறில்லை, ஒப்பிடுவதற்கு எடுத்த மாதிரிதான் தவறு. ஆண்ட்ரோமெடாவின் பக்கத்தில் இருக்கும் எம்32 என்ற குட்டிப் பேரடையின் ஒளியை வைத்துக்கொண்டு, தொலைவிலிருக்கும் ராட்சத நீள்வட்டப் பேரடைகளும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். அவை அப்படி இல்லை. தவறான பருக்கையை நசுக்கிப் பார்த்த கதை.

*

இந்தச் சறுக்கலுக்குப் பின், 1950களின் பிற்பகுதியில், வில்லியம் பாம் என்பவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டில் கருவி அனுப்பி, சூரியனின் புறஊதா நிறமாலையை 1946இல் பதிவு செய்த குழுவில் இருந்தவர் அவர். ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஒளிமின் கருவிகளில் கைதேர்ந்தவர். அப்போது உலகிலேயே பெரியதான பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி அவருக்குக் கிடைத்தது.

செம்பெயர்ச்சி தெரிந்த பேரடையின் நிறம் என்னவாக இருக்கும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நிறம் தெரிந்தால் செம்பெயர்ச்சியைச் சொல்ல முடியுமா என்று பாம் கேட்டார்.

முடியும் என்று நம்பக் காரணம் இருந்தது. வயதான விண்மீன்கள் நிறைந்த நீள்வட்டப் பேரடைகளின் ஒளி வழவழப்பாக ஏறி இறங்குவதில்லை. 400 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில், அதாவது ஊதா நிறத்தில், ஒரு படி போலச் சட்டென்று வீழ்கிறது. விண்மீன்களின் வெளிப்புறத்தில் உள்ள உலோக அணுக்கள் அதற்குக் கீழுள்ள ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். பேரடை தூரப் போகப்போக அந்தப் படியும் சிவப்பை நோக்கி நகரும். தனித்தனிக் கோடுகளைப் பார்க்க நுணுக்கமான நிறமாலை வேண்டும். ஒரு மாடிப்படி எங்கே இருக்கிறது என்று பார்க்க அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

ஊதாவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை ஒன்பது வடிகட்டிகளைப் பாம் எடுத்துக்கொண்டார். முதலில் நமக்கு அருகிலுள்ள கன்னிக் கொத்தில் ஆறு பிரகாசமான நீள்வட்டப் பேரடைகளை அளந்து, ஒன்பது புள்ளிகளையும் இணைத்து ஒரு வளைகோடு வரைந்தார். அடுத்து, தொலைவிலுள்ள ஏபெல் 801 என்ற கொத்தில் மூன்று பேரடைகளை அளந்து இன்னொரு வளைகோடு. இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, இடம்தான் வேறு. மடக்கை அளவில் வரைந்திருந்ததால் ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து, பொருந்தும்வரை பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்ததோ, அதுவே செம்பெயர்ச்சி. அவருக்குக் கிடைத்தது 0.19. நிறமாலை சொன்னது 0.192.

அடுத்த சோதனை இன்னும் கடினமானது. ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி 1960இல், ஓய்வு பெறுவதற்கு முன் தனக்குக் கிடைத்த கடைசி இரவுகளில், 3சி 295 என்ற ரேடியோ மூலத்தின் பேரடையை நிறமாலையில் பிடித்திருந்தார். செம்பெயர்ச்சி 0.46. அந்த ஒளி புறப்பட்டு ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சூரியனும் பூமியும் உருவாவதற்கும் முன்னர். தூரத்தில் அதுவே அன்றைய சாதனை. அந்தப் பேரடை இருக்கும் கொத்தைப் பாம் தன் ஒன்பது வடிகட்டிகளால் அளந்தார். விடை 0.44. 400 நானோமீட்டரில் இருந்த படி 580க்கு அருகே, ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு, இடம் மாறியிருந்தது.

1962இல் அச்சான இந்த வேலையைத்தான் இன்று முன்னோடி என்று எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அடுத்த 20 ஆண்டுகள் அதைத் தொடர்ந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது. ஒளிமின் கருவி ஒரு நேரத்தில் ஒரு பேரடையைத்தான் பார்க்கும். ஒன்பது வடிகட்டியையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மிச்சமாகும் நேரம் அதிகமில்லை. தவிர, முறை நீள்வட்டப் பேரடைகளுக்கு மட்டுமே பொருந்தியது. இளம் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் நீலச் சுருள் பேரடைகளில் அந்தப் படி மழுங்கியிருக்கும். யோசனை சரியாகவே இருந்தது. அதைத் தாங்கும் கருவி இன்னும் வரவில்லை.

*

கருவி 1980களில் வந்தது. ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான பேரடைகளைப் பதிவு செய்து, அவற்றின் பொலிவைக் கணினியால் அளக்கும் வசதி. முதலில் பெரிய ஒளிப்படத் தகடுகளை எந்திரத்தால் வருடி எண்களாக்கினார்கள். பிறகு சிசிடி சில்லுகள் வந்தன. இன்று நம் கைபேசிக் கேமராவில் இருக்கும் சில்லுகளின் மூத்த தலைமுறை அவை. நான்கு வடிகட்டிகளுக்கு நான்கு படம் எடுத்தால் போதும். அந்தத் துண்டு வானத்தில் உள்ள அத்தனை பேரடைகளின் நிறமும் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

டேவிட் கூ 1985இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பல நிற அளவீடு என்பது ஏழையின் இசட் எந்திரம் என்றார். இசட் என்பது செம்பெயர்ச்சிக்கான குறி. ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் மையத்தினர் பேரடைகளின் நிறமாலையை ஒவ்வொன்றாக எடுக்க வைத்திருந்த கருவியை இசட் எந்திரம் என்றுதான் அழைத்தார்கள். அது கைவசம் இல்லாதவர்களும், அது எட்டாத அளவுக்கு மங்கலான பேரடைகளை ஆராய விரும்புபவர்களும் நிறத்தை வைத்துக் காரியம் பார்க்கலாம் என்பது அவர் வாதம். துல்லியம் குறையும், எண்ணிக்கை கூடும். ஒன்றைப் பற்றிய உறுதியைக் கொடுத்து ஆயிரத்தைப் பற்றிய அறிவை வாங்கும் பண்டமாற்று அது.

இங்கே இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, பாம் செய்ததன் விரிவு: நீள்வட்டம், சுருள், ஒழுங்கற்றது என்று பலவகைப் பேரடைகளின் மாதிரி நிறமாலைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நகர்த்தி நகர்த்தி எது நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. மற்றொன்று, மாதிரி எதையும் முன்கூட்டி எண்ணிக்கொள்ளாமல், நிறமாலை எடுத்த சில நூறு பேரடைகளைக் கணினிக்குக் காட்டி, இந்த நிறம் என்றால் இந்தச் செம்பெயர்ச்சி என்று பழக்கிவிடுவது. ஆண்ட்ரூ கானலியும் சகாக்களும் 1995இல் இதைச் சாதாரணச் சமன்பாடுகளைக் கொண்டே செய்து காட்டினார்கள். 2000களில் இதே வேலைக்கு நரம்பு வலையமைப்புகள் வந்தன. செயற்கை நுண்ணறிவு என்று இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் விஷயம் பேரடைகளின் தூரத்துக்கு அப்போதே பயன்பட்டுவிட்டது.

இதற்கிடையே, மிகத் தொலைவிலுள்ள பேரடைகளுக்கு இன்னொரு அடையாளமும் கைக்கு வந்தது. 91.2 நானோமீட்டருக்குக் குறைவான புறஊதா ஒளியை ஹைட்ரஜன் அணுக்கள் முற்றாக விழுங்கிவிடும். அங்கே இருப்பது படி அல்ல, மதில். செம்பெயர்ச்சி 3 என்றால் அந்த மதில் நான்கு மடங்கு நீண்டு 365 நானோமீட்டருக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட பேரடை நீலத்திலும் சிவப்பிலும் தெரியும், புறஊதா வடிகட்டியில் மட்டும் காணாமல் போகும். இப்படிக் காணாமல் போகிறவற்றைச் சார்ல்ஸ் ஸ்டைடலும் சகாக்களும் 1990களின் தொடக்கத்தில் தேடிப் பட்டியலிட்டார்கள். ஹவாயின் கெக் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை எதிர்பார்த்த தூரத்திலேயே இருந்தன. 1996இல் அந்த முடிவு வெளியானது. ஓரிடத்தில் தெரியாததை வைத்தே தூரம் சொல்லிவிட்டார்கள்.

*

பெரிய பரீட்சை 1995 டிசம்பரில் வந்தது. ஹபிள் விண்தொலைநோக்கி நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தன் விருப்பப்படி செலவிட உரிமையுள்ள நேரத்தைப் பத்து நாள் தொடர்ச்சியாக ஒரே இடத்துக்கு ஒதுக்கினார். சப்தரிஷி மண்டலத்தில், வெறுமையாகத் தோன்றும் ஒரு சிறு துண்டு. அகலம் முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஒன்றும் இருக்காது, விலைமதிப்பற்ற நேரம் வீணாகும் என்று அனுபவசாலிகள் சிலர் எச்சரித்தார்கள். நான்கு வடிகட்டிகளில் 342 படங்கள் எடுத்து ஒன்றாக்கியபோது அந்த வெறுமையில் ஏறக்குறைய 3000 பேரடைகள் தெரிந்தன.

அவற்றில் பெரும்பாலானவை எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் நிறமாலை எடுக்க முடியாத அளவு மங்கலானவை. நிறம் ஒன்றுதான் வழி. உலகின் பல குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு தூரங்களைக் கணக்கிட்டன. யாருடையது சரி?

அப்போது நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிரகாசமான சில பேரடைகளின் செம்பெயர்ச்சியைக் கெக் தொலைநோக்கியால் அளந்தவர்கள் விடையை வெளியிடவில்லை. கணக்குப் போடும் குழுக்கள் முதலில் தங்கள் மதிப்பீடுகளைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே விடைத்தாள் திறக்கப்படும். டேவிட் ஹாக் தலைமையில் 1998இல் வெளியான முடிவு இது: சிறந்த முறைகளில், 68 சதவீதத்துக்கு மேற்பட்ட பேரடைகளுக்குச் செம்பெயர்ச்சி 0.1க்குள் சரியாக இருந்தது. நான்கு வடிகட்டியும் சில அகச்சிவப்புப் படங்களும் வைத்துக்கொண்டு இந்த அளவு என்பது பெரிய வெற்றி. மதிப்பீடு செய்பவர் தன் தேர்வைத் தானே திருத்திக்கொள்ளவில்லை என்பது அதைவிடப் பெரிது.

ஆனால் அந்தத் தேர்விலும் ஒரு குறை இருந்தது. அதில் இடம் பெற்றவை நிறமாலை எடுக்க முடிந்த அளவுக்குப் பிரகாசமான பேரடைகள் மட்டுமே. அவற்றுக்குச் சரியாக வந்தது என்பதால், நிறமாலையே எடுக்க முடியாத மங்கலானவற்றுக்கும் சரியாக வரும் என்று சொல்லிவிட முடியுமா? மேலே மிதந்த பருக்கை வெந்துவிட்டது. அடியில் கிடப்பது?

*

அந்தக் கேள்விக்கு 2022இல் ஒரு விடை கிடைத்தது. மருமகள் எனக்குப் படம் காட்டிய அதே கோடையில்.

வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியான சில வாரங்களுக்குள், நிறத்தை மட்டும் வைத்துச் சாதனைத் தூரங்கள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. மிகவும் பேசப்பட்டது சியர்ஸ்-93316 என்று எண்ணிடப்பட்ட ஒரு பொட்டு. எடின்பரோவைச் சேர்ந்த கேலம் டொனனின் குழு அதன் செம்பெயர்ச்சியை 16.4 என்று மதிப்பிட்டது. பெருவெடிப்புக்குப் பின் ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளில் அவ்வளவு ஒளிமிக்க பேரடை இருக்க முடியுமா? முடியுமென்றால் பேரடைகள் உருவாவது பற்றி எழுதிய பாடங்களைத் திருத்த வேண்டும். செய்தித்தாள்கள் அண்டவியலே ஆட்டம் கண்டுவிட்டதாக எழுதின.

வேறு சிலர் ஐயத்தை எழுப்பினார்கள். அதே நிறங்களை, செம்பெயர்ச்சி 5க்கு அருகிலுள்ள தூசி படிந்த பேரடையும் காட்டக்கூடும் என்றார்கள். 2023 மார்ச்சில் வெப் தொலைநோக்கியே அதன் நிறமாலையை எடுத்தது. செம்பெயர்ச்சி 4.9. பெருவெடிப்புக்கு 24 கோடி ஆண்டுகள் கழித்து அல்ல, சுமார் 120 கோடி ஆண்டுகள் கழித்து.

என்ன நடந்தது? அந்தப் பேரடையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மிகப் பிரகாசமாக ஒளிர்ந்தன. செம்பெயர்ச்சியால் நகர்ந்த அந்தக் கோடுகள் நீண்ட அலைநீள வடிகட்டிகளுக்குள் விழுந்து அவற்றை எல்லாம் பிரகாசமாக்கிவிட்டன. மறுபக்கத்தில் தூசி, குறுகிய அலைநீள ஒளியை மங்கவைத்தது. சேர்த்துப் பார்த்தால், 2 மைக்ரோமீட்டருக்கு அருகே ஒரு மதில் இருப்பதுபோலவே தோன்றியது. நிறம் பொய் சொல்லவில்லை. ஒரே நிறத்துக்கு இரண்டு விளக்கம் இருந்தது. முதலில் மனதுக்கு வந்தது தவறான விளக்கம்.

இதே நோக்கலில் இன்னொரு பேரடையும் சோதிக்கப்பட்டது. ஆய்வாளர் ஒருவர் தன் சிறு மகளின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். நிறத்தை வைத்து மிகத் தொலைவில் என்று மதிப்பிடப்பட்டிருந்த அது, நிறமாலையிலும் 11.4 என்று உறுதியானது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 39 கோடி ஆண்டுகள். பிறகு 2024இல், செம்பெயர்ச்சி 14ஐத் தாண்டிய பேரடையும் நிறமாலையில் உறுதியானது. ஒரு பருக்கை வேகவில்லை என்பதால் பானையையே கொட்டிவிட வேண்டியதில்லை.

2023இல் நேச்சர் இதழில் அந்த முடிவு வெளிவந்தபோது, கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் டொனனின் பெயரும் இருந்தது. 16.4 என்று முதலில் சொன்னவரே அது தவறு என்று நிறுவியவர்களில் ஒருவர்.

*

இதெல்லாம் தூரத்தில் உள்ள ஏதோ ஒரு பொட்டைப் பற்றிய சண்டை அல்ல. சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 320 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட கேமரா, ஆறு வடிகட்டிகள். பத்தாண்டுகளில் ஏறக்குறைய 2000 கோடிப் பேரடைகளைப் பதிவு செய்வது திட்டம். ஒப்பிட்டுப் பார்க்க: 5000 ஒளியிழைகளை ரோபோக்களால் நகர்த்தி நிறமாலை எடுக்கும் டெசி என்ற கருவி, இன்று உலகிலேயே வேகமானவற்றில் ஒன்று. அதன் ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கே சுமார் 4 கோடிதான். ஐந்நூறுக்கு ஒன்று. மீதி அத்தனைக்கும் நிறமே சாட்சி.

இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதா என்ற கேள்விக்கான விடை இந்தத் தூரங்களின் சராசரியில் அடங்கியிருக்கிறது. அந்தச் சராசரியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும், இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்துவிட நேரலாம். அதனால்தான், வானத்தின் எந்த வகைப் பேரடையிலிருந்தும் ஒரு பருக்கைகூட விடுபடாதபடி நிறமாலை எடுக்கும் தனித் திட்டங்கள் நடக்கின்றன. பானையை அடிவரை துழாவும் வேலை அது. இன்று எந்தப் பேரடைக்கும் ஒற்றைத் தூரத்தை எழுதுவதும் இல்லை. இவ்வளவு இருக்க இவ்வளவு வாய்ப்பு, அவ்வளவு இருக்க அவ்வளவு வாய்ப்பு என்று ஒரு வளைகோடாகவே எழுதி வைக்கிறார்கள். சியர்ஸ்-93316க்கு அந்த வளைகோட்டில் 5க்கு அருகிலும் ஒரு சிறு மேடு தென்பட்டிருந்தால், அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்பதே கற்ற பாடம்.

போன மாதம் மருமகளிடம் இதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். இப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிட்டாள். பாம், கூ, கெக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி:

"அப்ப, பிழைச்சது எண்டு ஆர் கண்டுபிடிச்சது?"

"சொன்ன ஆக்களும் சேர்ந்துதான்" என்றேன்.

"அப்ப ஓகே மாமா" என்றுவிட்டு, அம்மம்மா சோறு வடிக்கக் கூப்பிடுகிறா என்று குசினிக்குப் போனாள்.